அஃபீபா பார்த்த இருபத்தோரு ஆட்டங்கள்

அஃபீபாவுக்கு வலது முழங்கால் போனபோது வயது பதினாறு. நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியின் கூடைப்பந்து அணியில், பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இடம் அவளுடையது. ஒரு மண்டலப் போட்டியில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை, ரீபவுண்டை, எடுக்கத் தாவி இறங்கியவள் எழுந்திருக்கவில்லை. ஜவ்வு கிழிந்துவிட்டது. நடக்கலாம், மெதுவாக ஓடலாம், இனிமேல் குதிக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டிக்குக் காலில் கட்டோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க வேண்டாமே என்று ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தார்கள். நோட்டின் பின்பக்கத்தில் அவளாகவே கோர்ட்டின் படம் ஒன்றை வரைந்து, யார் எங்கிருந்து பந்தை எறிந்தாலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். உள்ளே போனால் புள்ளியைச் சுற்றி வட்டம். ஆட்டம் முடிந்ததும் பதினெட்டுப் பாயிண்ட் எடுத்த கேப்டனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அஃபீபா படத்தைப் பார்த்தாள். பதினெட்டுப் பாயிண்டுக்குக் கேப்டன் இருபத்தாறு முறை எறிந்திருந்தாள். இடது ஓரத்தில் நின்ற இன்னொரு பெண் நான்கே முறை எறிந்து மூன்றைப் போட்டிருந்தாள். அவளுக்குப் பந்தே போகவில்லை. அஃபீபா அந்தத் தாளை அன்று சாயங்காலமே கேப்டனிடம் நீட்டினாள். கேப்டன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அவள் அத்தா சமியுல்லாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. மகள் ஆட முடியாமல் போனதில் அவளைவிட அதிகம் வருந்தியவர் அவர்தான். கல்லூரியில் புள்ளியியல் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, "அது எதுக்குப் படிக்கிறதும்மா?" என்று கேட்டார். "கண்ணு பாக்காததைப் பாக்கிறதுக்கு அத்தா" என்றாள்.

படிப்பு முடிந்து நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எந்தப் பண்ணையில், எந்த ஷெட்டில், நூறு கோழிக்கு எத்தனை முட்டை என்பதை நாள்தோறும் கவனிக்கும் வேலை. பண்ணைக்காரர்கள் காலையில் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். நேற்று தொண்ணூற்றிரண்டு, இன்று எண்பத்தாறு, தீவனத்தை மாற்றவா என்பார்கள். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு நாளை வைத்து எதையும் மாற்றாதீர்கள் என்பாள். வாரமே சரிந்திருந்தால் அவளே வண்டி பிடித்துப் பண்ணைக்குப் போய்விடுவாள். சேலத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆஷிக்கைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் வேலையை விடவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஆஷிக்குக்குக் கிரிக்கெட்தான் எல்லாம். கூடைப்பந்தில் எதற்கு இத்தனை தடவை விசில் ஊதுகிறார்கள் என்பது இன்றுவரை அவனுக்கு விளங்கவில்லை.

எட்டு அணிகளோடு ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் கந்தவேல், நாமக்கல்லுக்கென்று ஓர் அணியை எடுத்தார். அதற்கு நாமக்கல் ஆக்ஸில்ஸ் என்று பெயரும் வைத்தார். சொந்த ஊர் ஆட்டங்களுக்கு அஃபீபா டிக்கெட் எடுத்து, நோட்டோடு போய் உட்காருவாள். மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் எதிரணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது, ஆனால் போர்டு மூன்றுதான் காட்டியது. அவள் படியிறங்கி வந்து பயிற்சியாளர் அருணகிரியின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"சார், அவங்களுக்கு நாலு ஃபவுல். போர்டுல மூணு இருக்கு. மேசையில சரிபார்க்கச் சொல்லுங்க."

அருணகிரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேசைக்குப் போனார். சரிபார்த்தார்கள், நான்குதான். நான்கைத் தாண்டினால் ஃப்ரீ த்ரோ என்பது விதி, அதனால் அடுத்த ஃபவுலுக்கு நாமக்கல்லுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்து அருணகிரி அவளைத் தேடி வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து அஃபீபா அணியின் ஆள். தீவன நிறுவனத்து வேலை போக, ஆட்ட நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் வீடியோவைப் போட்டு ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாகப் பிரித்துக் குறிப்பது அவள் பொறுப்பு.

இரண்டாவது ஆண்டில்தான் பிரபாகரின் பிரச்சினை வந்தது.

பிரபாகர் ஆட்டையாம்பட்டிக்காரன். வீட்டில் நான்கு விசைத்தறி. ஆறடி மூன்று அங்குலம், நீளமான கை. முதல் ஐவரில் அவன் இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட்டத்துக்குப் பத்தொன்பது நிமிடம் ஆடுபவன். அந்த ஆண்டு இருபத்தோரு ஆட்டங்களிலும் ஆடினான். கோயம்புத்தூரில் ஒரு நாள் இருபத்திரண்டு பாயிண்ட் அடித்தான், அரங்கமே எழுந்து நின்றது. அடுத்த ஆட்டத்தில் பூஜ்யம். அதற்கடுத்ததில் பதினான்கு, பிறகு இரண்டு. ஆண்டு முழுக்க இப்படியே போனது. ஆண்டு முடிந்தபோது சராசரி ஏழு பாயிண்ட் சொச்சம். தொலைவிலிருந்து மூன்று பாயிண்ட் ஷாட் நூற்றிரண்டு எறிந்து முப்பத்து மூன்றைப் போட்டிருந்தான். நூற்றுக்கு முப்பத்திரண்டு. எந்த அணியும் ஆசைப்படும் எண் இல்லை அது.

அடுத்த ஆண்டு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று முடிவெடுக்க ஒரு நாள் குறித்தார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரனைப் பற்றியும் ஓர் அறிக்கை கேட்டார் கந்தவேல். பிரபாகர் விஷயத்தில் அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அஃபீபாவும் அவனை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் எல்லோருக்கும் செய்வதை இவனுக்கும் செய்யவேண்டுமே என்று இருபத்தோரு ஆட்டங்களையும் மறுபடி போட்டாள். இந்த முறை அவன் எறிந்த பந்து உள்ளே போனதா என்று பார்க்கவில்லை. எறிவதற்கு முந்தைய நொடியில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மட்டும் பார்த்தாள்.

நூற்றிரண்டு ஷாட்டும் இரண்டு குவியலாகப் பிரிந்தன. ஓர் இடத்தில் நிலையாக நின்று, வந்த பந்தை வாங்கி அப்படியே எறிந்தவை ஐம்பத்தெட்டு. அதில் இருபத்து நான்கு உள்ளே போயிருந்தன, நூற்றுக்கு நாற்பத்தொன்று. தானே பந்தைத் தட்டிக்கொண்டு போய், ஆளை ஏமாற்றி எறிந்தவை நாற்பத்து நான்கு. அதில் ஒன்பதுதான் உள்ளே போனது. ஒரே ஆளின் கணக்குத்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, இன்னொரு முறை எண்ணினாள்.

பிறகு, அந்த நாற்பத்து நான்கில் அவனோடு களத்தில் யார் இருந்தார்கள் என்று பார்த்தாள். முப்பத்தாறில் ரமேஷ்குமார் இல்லை. ரமேஷ்குமார்தான் அணியில் பந்தைக் கொண்டுசெல்லும் முதல் ஆள். அவன் ஓய்வுக்கு உட்காரும்போதெல்லாம், பந்தைக் கொண்டுபோகும் வேலையைப் பிரபாகரிடம் கொடுத்திருந்தார்கள். ரமேஷ்குமார் அதிக நேரம் உட்கார்ந்த ஆட்டங்களில்தான் பிரபாகர் பூஜ்யமும் இரண்டும் அடித்திருந்தான்.

இன்னொன்றும் இருந்தது. எதிரணிக்குப் பந்து நூறு முறை கைக்கு வந்தால் எத்தனை பாயிண்ட் எடுக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. பிரபாகர் களத்தில் இருந்தபோது தொண்ணூற்றேழு. அவன் பெஞ்சில் இருந்தபோது நூற்றாறு. அது ஏதோ ஒன்றிரண்டு நாள் அதிர்ஷ்டமில்லை. இருபத்தோரு ஆட்டங்களில் பதினேழில் அப்படித்தான். அவன் பூஜ்யம் அடித்த நாளிலும் எதிரணியின் பெரிய ஆள் அவனைத் தாண்ட முடியாமல் திணறியிருந்தான்.

அஃபீபா பேனாவை வைத்தாள். பிரபாகரிடம் ஏறி இறங்கியது பாயிண்ட் மட்டும். ஆட்டம் ஏறி இறங்கவில்லை. அவனுக்கு வராத வேலையைக் கொடுத்தது யார் என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது. அவளை அணிக்குள் கொண்டுவந்த அருணகிரி.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலைப் பயிற்சி முடிந்ததும் அவரிடம் போனாள். மற்றவர்கள் முன்னால் இதை அவர் முதல்முறையாகக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அருணகிரி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"அப்ப தப்பு எம்மேலயா?"

"தப்புன்னு எழுதலீங்க சார். இப்படி நடந்திருக்குன்னுதான் எழுதியிருக்கேன்."

"எனக்கு வேற ஆள் ஏதுங்க? ரமேஷ் உக்காந்தா பந்தை யாரு கொண்டுபோறது?"

"அதுதான் நம்ம பிரச்சினை, சார். நாம ஆள் எடுக்கவேண்டியது அந்த எடத்துக்கு. பிரபாவோட எடத்துக்கு இல்ல."

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பந்துகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று பஸ்ஸில் சேலம் வரும்வரை அஃபீபா இரண்டு பக்கத்தையும் மறுபடி படித்தாள். ஆனால் ஓர் எண்ணைக்கூட மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

கூட்டம் கந்தவேலின் பட்டறை அலுவலகத்தில் நடந்தது. வெளியே வெல்டிங் சத்தம். மேசைக்கு மறுபக்கம் கந்தவேல், பக்கத்து நாற்காலியில் அருணகிரி. பிரபாகரின் பெயர் வந்ததும் கந்தவேல் சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, இவன் ஒரு நாளைக்கு இருவத்திரெண்டு அடிக்கறான். அடுத்த நாளு கோர்ட்டுல இருக்கறானா, ஊட்டுக்குப் போயிட்டானான்னே தெரியமாட்டேங்குது. இவன நம்பி எப்படீங்க அணி கட்டறது? வெளி மாநிலத்துல ஒருத்தன் இருக்கறான், மேட்ச்சுக்குப் பதினாலு பாயிண்ட். அவனக் கூட்டியாந்தரலாம்."

"அந்தப் பதினாலுக்கு அவர் எத்தனை தடவை எறியறார்னு பாத்தீங்களா சார்? பதினஞ்சு தடவை. நம்ம அணியில அத்தனை பந்து அவருக்குக் குடுக்கணும்னா ரமேஷ்குமார்கிட்ட இருந்துதான் எடுக்கணும்."

"செரி. பிரபாகரை வச்சு என்ன பண்றது?"

அவள் இரண்டு தாளையும் மேசைமேல் வைத்தாள். நின்று எறிந்தது, தட்டிக்கொண்டு போய் எறிந்தது, ரமேஷ்குமாரோடு இருந்தபோது, இல்லாதபோது. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியில், "இவனை நாம ரெண்டு ஆளா ஆட விட்டிருக்கோம், சார். ஒருத்தன் நல்ல ஆள். இன்னொருத்தன் இவனே இல்ல" என்றாள்.

கந்தவேல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐம்பத்தெட்டு பந்தை வச்சு இத்தனை சொல்லலாமுங்களா?"

அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "அந்த நாப்பத்தொண்ணு நிக்காதுங்க. கொஞ்சம் அதிர்ஷ்டமும் அதுல இருக்கு. அடுத்த வருஷம் முப்பத்தாறு, முப்பத்தேழு வரும். அது போதும். எதிரணியைத் தடுக்கறது மட்டும் குறையாது, அதுக்கு நான் உறுதி சொல்றேன்."

கந்தவேல் அருணகிரியைப் பார்த்தார். அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்க சொல்றது செரிங்கண்ணா. பந்தை அவங்கிட்டக் குடுத்தது நாந்தான். வேற ஆளில்லாமக் குடுத்தேன். அவனுக்கு அது வரலைன்னு பத்தாவது மேட்ச்சுலயே எனக்குத் தெரியும்."

கந்தவேல், "ஒரு வருசம் பாக்கலாம்" என்று பிரபாகரின் பெயருக்குப் பக்கத்தில் டிக் அடித்தார். பந்து கொண்டுபோக இரண்டாவது ஆள் ஒருவனைத் தேடச் சொன்னார்.

பிரபாகரிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தன்னை வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷமாக வந்தவன், அஃபீபா வீடியோவைக் காட்டக் காட்ட முகம் சுருங்கிப்போனான்.

"அப்ப நான் மூலையில நிக்கற ஆளாக்கா?"

"மூலையில நின்னு எறியற ஆளு. எதிரணியில பெரிய ஆளு யாரோ அவனைப் புடிச்சு நிறுத்தற ஆளு."

"கோயம்புத்தூர்ல நான் அடிச்சது? அன்னைக்கு யாரு எனக்குக் குடுத்தாங்க?"

அவள் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். அன்று அவன் போட்ட மூன்று பாயிண்ட் ஷாட் ஆறு. ஐந்தில் பந்து ரமேஷ்குமாரின் கையிலிருந்து வந்திருந்தது, இவன் கால் நகரவே இல்லை. பிரபாகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நினைவில் அன்று அவன் எல்லோரையும் தாண்டிக்கொண்டு போயிருந்தான்.

"எங்கப்பா பேப்பர்ல பாயிண்ட்டத்தான் பாப்பாரு" என்றான் மெல்ல. "இந்தக் கணக்கெல்லாம் பேப்பர்ல வராதுல்லீங்க்கா?"

"வராது பிரபா." வீடியோவை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எனக்குக் கால் போனப்ப, இனிமே ஆட்டமே இல்லைன்னு நெனச்சேன். உனக்கு ஆட்டம் போகல. ஒரு வேலைதான் போகுது. அதுவும் உனக்குப் புடிச்ச வேலை, தெரியும். ஆனா மத்த வேலையில இந்த லீக்ல உன்ன மாதிரி மூணு பேருகூட இல்ல."

அவன் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, இரண்டு மூலைகளிலிருந்தும் இருநூறு இருநூறு பந்து எறிய ஆரம்பித்தான்.

மூன்றாவது ஆண்டுக்குப் பந்து கொண்டுபோக இரண்டாவது ஆள் வந்துவிட்டான். அந்த ஆண்டின் முதல் ஐந்து ஆட்டங்களில் பிரபாகர் இருபத்தோரு மூன்று பாயிண்ட் ஷாட் எறிந்தான். நான்குதான் உள்ளே போனது. ஐந்தாவது ஆட்டத்துக்கு மறுநாள் காலை, அஃபீபா மல்லூர் தாண்டிப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது கந்தவேல் கூப்பிட்டார்.

"என்னங்க அம்மிணி, முப்பத்தாறுன்னீங்க. இருவதுகூட வரலையே?"

"இன்னைக்குப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேங்க சார்."

உண்மையில் அவளுக்கும் பயம் இருந்தது. தான் சொன்னதைக் காப்பாற்றுவதற்காக எதையாவது பார்க்காமல் விடுகிறோமோ என்று நினைத்தாள். அந்த இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தொன்பதில் அவன் சரியான இடத்தில், காலை ஊன்றி, முன்னால் ஆளில்லாமல் எறிந்திருந்தான். கை உயரம் சென்ற ஆண்டைப் போலவே இருந்தது. கணுக்காலில் வலி உண்டா என்று அவனையே கேட்டாள். இல்லை என்றான். பந்துகள் வளையத்தின் பின்பக்கத்தில் பட்டு வெளியே வந்துகொண்டிருந்தன. எதிரணிகளோ அவன் இருக்கும்போது சென்ற ஆண்டைவிடக் குறைவாகவே எடுத்திருந்தன.

மறுநாள் கந்தவேலைக் கூப்பிட்டாள். "ஷாட் அதே ஷாட்டுங்க சார். பந்துதான் இன்னும் உள்ள போகல. ஒண்ணும் மாத்த வேண்டாம்."

"நிச்சயமா?"

"மோசமான ஷாட்டா எறிஞ்சு உள்ள போயிருந்தா நானே உங்களுக்கு முதல்ல கூப்பிட்டிருப்பேன்."

அருணகிரியும் அசையவில்லை. ஆறாவது ஆட்டத்தில் பிரபாகர் ஐந்து எறிந்து மூன்றைப் போட்டான். அதற்கடுத்ததில் ஆறுக்கு இரண்டு. அதன்பின் எட்டாவது, ஒன்பதாவது என்று போகப்போக, அவனைப் பற்றி யாரும் குறை பேசவில்லை. ஆண்டு முடிந்தபோது நூற்றுப் பதினெட்டுக்கு நாற்பத்திரண்டு. நூற்றுக்கு முப்பத்தைந்தரை. முப்பத்தாறுக்குக் கொஞ்சம் கீழே; அஃபீபா தன் அறிக்கையில் "சொன்னதைவிடக் குறைவு" என்று அதையும் எழுதினாள். பூஜ்யம் அடித்த ஆட்டம் அந்த ஆண்டும் இரண்டு இருந்தது. அந்த இரண்டிலும் நாமக்கல் ஜெயித்தது.

நாமக்கல் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே பிரபாகர் எடுத்தது மூன்றே பாயிண்ட். ஆனால் ஆண்டு முழுக்க ஆட்டத்துக்கு இருபதுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்த எதிரணியின் ஆளை ஒன்பதில் நிறுத்தினான். கடைசி நிமிடம்வரை ஆட்டம் இழுத்துக்கொண்டு போனது. நான்கு பாயிண்டில் தோற்றார்கள். உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்த பிரபாகர், துண்டைத் தோளில் போட்டபடி அஃபீபாவின் மடிக்கணினிக்கு மேல் குனிந்தான்.

"நான் உள்ள இருந்தப்ப எத்தனை?"

"நாம ஏழு பாயிண்ட் மேல."

"அப்ப நான் வெளிய உக்காந்த நேரத்துலதான்..."

"ஆமா."

அவன் தலையாட்டினான். தோற்ற வருத்தம் முகத்தில் இருந்தது. முந்தின ஆண்டுக் குழப்பம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பிரபாகரின் பெயர் வந்தபோது பேச்சே இல்லை. இரண்டு ஆண்டுக்கு எழுதிவிடலாம் என்றார் கந்தவேல். பிறகு அஃபீபா பக்கம் திரும்பி, தீவன வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் அணிக்கே வந்துவிடச் சொன்னார்.

அவள் முந்தின வாரமே ஆஷிக்கோடு பேசி முடிவு செய்துவிட்டிருந்தாள். "வாரத்துல மூணு நாள் வரேங்க சார். பண்ணை வேலையும் எனக்கு வேணும், அதை விடமாட்டேன். ஆள் எடுக்கற கூட்டம் எல்லாத்துலயும் நான் இருக்கணும். முடிவெடுத்ததுக்கு அப்புறம் அறிக்கை கேக்கக் கூடாது."

அருணகிரி சிரித்துவிட்டார். கந்தவேல் ஒத்துக்கொண்டார்.

"இன்னொண்ணுங்க சார்," என்றாள் அஃபீபா. "போன வருஷம் நான் எடுக்கச் சொன்ன உயரமான பையன், அவன் விஷயத்துல நான் தப்பாச் சொல்லிட்டேன். ரீபவுண்டு எடுப்பான்னு எழுதினேன். பழைய அணியில பக்கத்துல நின்ன ஆளு இடம் விட்டுக் குடுத்ததால எடுத்திருக்கான். அதை நான் பாக்கல. பாத்திருக்கணும்."

யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அந்தப் பையனைப் பற்றிய பேச்சு பட்டியலில்கூட இல்லை. கந்தவேல் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு அடுத்த தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"செரீங்க அம்மிணி. இவனப் பத்திச் சொல்லுங்க."